உன் ப்ரோக்ராமில் தப்பில்லை, சரவணா

சரவணா,

இதை உறையில் போட்டு உன் பெயருக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஒரு நகலை அப்படித்தான் கூரியரில் அனுப்புகிறேன். இன்னொரு நகலை நம் வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலரில் போடக் கொடுக்கிறேன். போன வருஷம் அதே பக்கத்தில் என் போட்டோவும் கீழே இரண்டு வரி வாழ்த்தும் வந்தது. இந்த வருஷம் போட்டோ வேண்டாம், இதைப் போடுங்கள் என்றேன். செயலாளர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணே, யோசிச்சுக்கங்க" என்றார். யோசித்தாயிற்று. உன்னை நான் அடித்தது ஊர் பார்க்க. தாமுவைக் கை காட்டியதும் ஊர் பார்க்க. அதற்குப் பதில் சொல்வது மட்டும் ரகசியமாக இருந்தால் அது பதில் இல்லை.

போன வியாழக்கிழமை நீ அம்மாவிடம் போனில் பேசினாயே, அதை அவள் அப்படியே என்னிடம் சொன்னாள். மெஷின்களை ஓட்டுகிற ப்ரோக்ராம் எழுதும் பிரிவுக்கு உன்னை மாற்றட்டுமா என்று உன் கம்பெனியில் கேட்கிறார்கள், ஒன்றாம் தேதிக்குள் எழுதித் தரவேண்டும், நீ வேண்டாம் என்று சொல்லப்போகிறாய். "அது எனக்கு வராதும்மா. ட்ரிபிள்-ஈ படிச்சவன் ப்ரோக்ராம்ல கைய வெச்சா இன்னா ஆவும்னு ஒரு தபா பாத்தாச்சு. அஞ்சலை அக்கா கைய நெனச்சா எனக்கு இன்னும் சோறு எறங்கல" என்றாயாம். அம்மா அழுதாள். நான் அழவில்லை. எழுந்து நம் கடலை மில்லுக்குப் போய் மூடிக்கிடக்கிற அந்த மெஷின் எதிரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் ப்ரோக்ராமில் தப்பில்லை. அஞ்சலையின் மூன்று விரலை எடுத்தது நான்.

நான் எப்படி மேலே வந்தவன் என்று உனக்குத் தெரியும். எண்பத்தொன்பதில் போளூர் ரோட்டில் ஒரு பலகை அகலத்துக்குக் கடை. பம்பு செட்டுக்கு ஸ்டார்ட்டர், ஃப்யூஸ், ஒயர், பெல்ட். கடை போட்ட பத்தாம் நாள் பக்கத்துக் கடைக்காரன் ஆட்களோடு வந்து என் சரக்கை ரோட்டில் கொட்டினான். பம்பின் ஷாஃப்ட்டை எடுத்து அவன் முழங்காலில் போட்டேன். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. கை நீட்டினால் காரியம் நடக்கும் என்று அன்றைக்குப் படித்தவன், அதற்குமேல் வேறு எதையும் படிக்கவில்லை. ஆனால் என் கடைக்குக் கூட்டம் சேர்ந்தது அடிதடியால் இல்லை. மும்முனைக் கரண்டில் ஒரு முனை போய்விட்டால் மோட்டார் எரிந்துவிடும் என்று, அதைத் தானாக நிறுத்துவதற்கு ஸ்டார்ட்டரில் ஒரு சாமான் வைத்திருப்பார்கள். நெல்லு காய்கிறது, கரண்டு இரண்டு முனைதான் வருகிறது, மோட்டார் ஓட மாட்டேன் என்கிறது என்று கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் வந்து நிற்பார்கள். நான் ஒரு சாண் கம்பியை அந்தச் சாமானுக்குக் குறுக்கே போட்டுக் காட்டுவேன். மோட்டார் ஓடும். "கில்லாடி நீங்க" என்பார்கள். எத்தனை பேருக்கு அந்தக் கம்பியைச் சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. எரிந்த மோட்டாருக்குச் சாமானும் என்னிடமே வாங்கினார்கள். காவலுக்கு வைத்ததைக் கம்பி போட்டு ஏமாற்றுவது எனக்குத் தொழில் புத்தியாகவே ஆகிவிட்டது.

நீ ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்று கேட்டாய். கவுன்சலிங் ஹாலுக்கு வெளியே, அத்தனை பெற்றோர் முன்னால், உன் கன்னத்தில் அறைந்தேன். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டேதான் எலக்ட்ரிகல் என்று எழுதினாய். கடைக்கும் மில்லுக்கும் ஆகும் என்பது என் கணக்கு. உன் சினேகிதன் தாமுவின் அப்பாவோ மைக் செட், சீரியல் லைட் கட்டுகிறவர். மகனாவது கையில் அழுக்குப் படாமல் பிழைக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் சேர்த்தார். ஆக ஆறு வயதிலிருந்து ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து மாட்டிய பையன் கம்ப்யூட்டருக்கும், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்காத பையன் கரண்டுக்கும் போனீர்கள். அந்தப் பட்டம் வந்ததும் ஊரே உங்களை அந்தப் பட்டமாகத்தான் பார்த்தது. டீக்கடையில் உன்னைப் பார்த்தால், "ஏம்ப்பா, ஃபேன் சுத்தல, பாக்கிறியா?" என்பார்கள். தாமுவைப் பார்த்தால், "அவன்கிட்ட கேக்காத, ஸ்க்ரூ டிரைவர எந்தப் பக்கம் பிடிக்கணும்னே அவனுக்குத் தெரியாது" என்பார்கள். நீங்கள் இருவரும் சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சாக்கின்மேல் போட்டிருக்கும் மார்க்கைப் பார்த்து நான் என்றைக்குமே மில்லுக்கு மல்லாட்டை வாங்கினவன் இல்லை. கையை விட்டு அள்ளி, ஒன்றை உடைத்து, வாயில் போட்டுப் பார்த்துத்தான் விலை சொல்வேன். பெற்ற பிள்ளையை மட்டும் மார்க்கை வைத்து எடை போட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் வேலை கிடைக்காமல் இருவரும் ஊர் திரும்பினீர்கள். மில்லில் மல்லாட்டை உடைக்கிற மெஷினைத் தானாக ஓட வைக்கலாம் என்று யோசனை சொன்னது நீ. நான் சரி என்றேன், வேலையையும் நானே பிரித்தேன். "தாமு, ப்ரோக்ராம் உன்னுது. சரவணா, ஒயரிங் உன்னுது. அவனவன் படிச்சத அவனவன் பாருங்கடா." ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் வந்தேன். நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய். தாமு மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு சால்டரிங் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இருவரும் அவசரமாக இடம் மாறினீர்கள், பரீட்சையில் பேப்பர் மாற்றிக்கொண்டவர்கள் மாதிரி. நான் பார்க்காதவன் போலத் திரும்பிப் போனேன். அன்றிலிருந்து எனக்குத் தெரியும், சரவணா. ப்ரோக்ராம் முழுக்க நீ எழுதினது. ஒயரிங் முழுக்க அவன் போட்டது. இந்த ஒன்றை நீ நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், கீழே வேண்டியிருக்கும்.

இரண்டு மாதம் மெஷின் சொன்னபடி ஓடியது. சல்லடையில் செத்தை அடைத்தால் தானே நின்றுவிடும். பக்கக் கதவைத் திறந்து செத்தையை இழுத்துப் போட்டுக் கதவை மூடினால், கொஞ்ச நேரம் பொறுத்து, கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தானே கிளம்பும். கதவில் அதற்கென்று ஒரு ஸ்விட்ச். மல்லாட்டை கொட்டுகிற அஞ்சலை பயந்தாள். நீ கதவைத் திறந்து, உருளைக்குப் பக்கத்தில் உன் கையையே உள்ளே விட்டுக் காட்டினாய். "கதவு தொறந்திருந்தா ஓடவே ஓடாதுக்கா, பயப்படாத" என்றாய். அவள் நம்பினாள். நம்புகிற மாதிரிதான் நீ செய்திருந்தாய்.

அன்றைக்குப் பௌர்ணமி. மத்தியானத்துக்குமேல் கிரிவலக் கூட்டத்துக்காக லாரிகளை ஊருக்குள் விடமாட்டார்கள். அதற்குள் லோடு கிளம்ப வேண்டும். காலையிலிருந்து மெஷின் நின்று நின்று ஓடியது. கதவு அதிர்கிறது, ஸ்விட்சில் தூசி, அது கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து நிறுத்திவிடுகிறது. நீங்கள் இருவரும் சாப்பிடப் போயிருந்தீர்கள். லாரி டிரைவர் வந்து, "மொதலாளி, இன்னும் அரை மணி நேரம், அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்றான். நான் மெஷினின் கரண்டு பலகையைத் திறந்தேன். ஒரு சாண் கம்பி. ஸ்விட்சுக்குக் குறுக்கே போட்டேன். லாரி போனதும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இனிமேல் கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்றுதான் உன் ப்ரோக்ராமுக்குத் தெரியும். அதனிடம் நான் பொய் சொல்லிவிட்டு வெளியே போய் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

செத்தை அடைத்தது. மெஷின் நின்றது. அஞ்சலை கதவைத் திறந்து, நீ காட்டிக் கொடுத்தபடியே கையை உள்ளே விட்டாள். மெஷின் பொறுத்தது, கதவு மூடியிருக்கிறது என்று நம்பியது, கிளம்பியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. அவள் கத்தினது இரண்டாவதாகத்தான் கேட்டது. முதலில் கேட்டது உருளை எதையோ கடித்த சத்தம். நான் ஓடிவந்து மெயினை இறக்கினேன். உடைத்த பருப்பு முழுக்கச் சிவப்பு. அவள் தரையில் உட்கார்ந்து, கையைப் பார்த்துக்கொண்டு, கத்துவதை நிறுத்தியிருந்தாள். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அவள் கையைக் கட்டுவதற்கு முன்னால், நான் பலகையைத் திறந்து அந்தக் கம்பியைப் பிடுங்கி ஜோபியில் போட்டேன். அதற்கப்புறம்தான் துண்டை எடுத்தேன்.

அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. அவள் தம்பி ஏழுமலை ஒரு வேனில் ஆட்களோடு வந்து இறங்கினான். அதற்குள் நீயும் தாமுவும் சாப்பிட்டுவிட்டு வந்து, விஷயம் தெரிந்து, வெளிறிப்போய் நின்றீர்கள். ஏழுமலை கையில் மண்வெட்டிக் காம்பு. "யார்றா இந்த மெஷின தானா ஓடவுட்டது? எவன்டா அந்தக் கம்ப்யூட்டர்காரன்?" என்று கத்தினான். அவனுக்கு அடிக்க ஒரு ஆள் வேண்டும். ஆள் கொடுக்காவிட்டால் என்னை அடிப்பான், உன்னை அடிப்பான். கூட்டம் எதை வாங்கும், எதை வாங்காது என்று பார்த்தவுடன் எனக்குத் தெரியும், அதுதான் என் பிழைப்பு. தாமுவைக் கை காட்டினேன். "இவன்தான் கம்ப்யூட்டர் படிச்சவன். ப்ரோக்ராம் இவன்துதான்" என்றேன். தாமு என்னை ஒரு தரம் பார்த்தான். முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது. விழுந்தவனை மிதித்தார்கள். ஒருவன் சாக்கு தைக்கிற ஊசியால் அவன் முதுகில் குத்தியதைக்கூடப் பார்த்தேன்.

நீ கூட்டத்துக்குள் பாய்ந்தாய். "அவன வுடுங்கடா! நான்தான் எழுதனேன்! ப்ரோக்ராம் நான்தான் எழுதனேன்!" என்று கத்தினாய். நீ மறுபடி வாயைத் திறப்பதற்குள் நான் கழட்டி வைத்திருந்த மோட்டார் பெல்ட்டை எடுத்து உன்னை விளாசினேன். முதுகில், தோளில், முகத்தில். "போடா! கரண்ட் படிச்ச நாயி, உனக்கு எங்கடா ப்ரோக்ராம் வரும்? ஃப்யூஸ் போடத் தெரிஞ்சவனுக்கு எதுக்குடா இந்தப் பேச்சு? சினேகிதன காப்பாத்த பொய் சொல்றான்யா, நம்பாதீங்க!" என்றேன். கூட்டம் நம்பியது. ஏழுமலைகூட உன்னைப் பார்த்து, "ஓரமா போ தம்பி, உனக்குத் தெரியாத விசயம்" என்றான். நீ உண்மையைச் சொன்னாய். ட்ரிபிள்-ஈ படித்தவன் சொன்ன உண்மை என்பதால் ஒருத்தரும் அதை வாங்கவில்லை. நான் நம்பாமல் சொல்லவில்லை, சரவணா. நீதான் எழுதினாய் என்று நன்றாகத் தெரிந்துகொண்டேதான் சொன்னேன். அது கூட்டத்துக்காகச் சொன்ன பொய். நீ ஒருவன்தான் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாய்.

அதோடு விட்டேனா? கூட்டம் கலைவதற்காக உன் கம்ப்யூட்டரைத் தூக்கி வெளியே போட்டுக் கடப்பாறையால் உடைத்தேன். அது நாடகம். விபத்தைப் பார்க்க வந்த அதிகாரி ஸ்விட்சைச் சோதித்தார், சரியாக வேலை செய்தது. ஆகவே ப்ரோக்ராம் கோளாறு என்று பேச்சு முடிந்தது. மறுநாள் காலையில் முகத்தில் பெல்ட் தழும்போடு நீ மெட்ராஸ் பஸ் ஏறினாய். கம்பியைக் கிணற்றில் போட்டேன். ஆறு வருஷமாக நீ ஒயர் இழுக்கிற வேலைதான் பார்க்கிறாய். மகன் பிழைத்தான், வழக்கு வரவில்லை, மில் தப்பித்தது என்று நானும் திருப்திப்பட்டுக்கொண்டேன். ஒரு மனுஷனுக்கு எது வரும், எது வராது என்பதை அடித்துச் சொன்னால் அது அவனுக்குள் ஆணி மாதிரி இறங்கிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று அஞ்சலையைத் தேடிப் போனேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதிச் சமையலறையில் இடது கையால் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"கம்பிய நீயா போட்ட?"

"நான்தான்."

"என் கையக் கட்றதுக்கு மின்னாடியே எடுத்துட்ட?"

"ஆமா."

"ஆறு வருசமா அந்த ரெண்டு புள்ளைங்களுக்கும் சாபம் வுட்டுகினு இருந்தேன்யா" என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வலது கையால் அறைந்தாள். இரண்டு விரல்தான் இருக்கிறது, ஆனால் உள்ளங்கை முழுசாக இருக்கிறது. இரண்டாவது அறையில் என் கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரி ஒருத்தி கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அஞ்சலை அவளைக் கையமர்த்திவிட்டு என்னிடம் சொன்னாள்: "இது எனக்கு. ஏழுமலைக்கு நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு. உன் வாயாலயே சொல்லு."

ரத்தத்தோடவே தாமுவிடம் போனேன். அப்பாவுக்கு அப்புறம் மைக் செட்டை அவன்தான் நடத்துகிறான். இடது காது கேட்காது. நான் பேச ஆரம்பித்ததும், "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கப்பா" என்று வலது காதைக் காட்டினான். இத்தனைக்கு அப்புறமும் அப்பா என்றான். நான் சொல்லி முடித்ததும் கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டான். "அப்ப என் ஒயரிங்கும் சரியா இருந்துதா?" என்றான். எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன். "சரவணன் எழுதினதுல தப்பு இருக்காதுப்பா. அது எனக்குத் தெரியும். நான் போட்ட ஜாயிண்ட்டுலதான் ஏதோ லூசா இருந்திருக்கும்னு நெனச்சேன். ப்ரோக்ராமுக்குன்னு அடிச்சாங்க, ஒயரிங்குக்குன்னு வாங்கிக்கினேன். அடி சரியான ஆளுக்குத்தான் வுழுவுது, காரணந்தான் மாறிப்போச்சுன்னு பேசாம கெடந்தேன்" என்றான்.

நீ உன் ப்ரோக்ராம் என்று நினைத்துக்கொண்டு ஊரை விட்டே போனாய். அவன் தன் ஒயரிங் என்று நினைத்துக்கொண்டு காதைக் கொடுத்தான். நீங்கள் ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுக்கவில்லை, ஆறு வருஷம் ஒருவரோடு ஒருவர் பேசவும் இல்லை. தாமு பிறகு என் சட்டையைப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டியோடு சேர்த்து மோதினான். மூன்று தரம். அப்புறம் விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதான். போகும்போது, "அவன்கிட்ட சொல்லுங்க, போன் பண்ணச் சொல்லுங்க. வலது காதுல வெச்சுக்கறேன்" என்றான். அவனுக்குப் போன் செய். எனக்குச் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, அவனுக்குச் செய்.

அப்பன் என்று புத்தி சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனாலும் வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்வேன். அந்தப் புதுப் பிரிவில் கம்ப்யூட்டர் படித்தவர்கள்தான் ஜாஸ்தி இருப்பார்கள். ஒயர் இழுத்தவன் வந்துவிட்டான் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், உன் சரக்கைத் திறந்து காட்டு, வாங்குகிறவன் வாங்குவான். நீயும் அவர்களைப் பார்த்து, இவனுக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்லாதே. அதையும் நான் சொல்லியிருக்கிறேன், தாமுவிடம். அப்புறம், நீ எழுதுகிற எதையும் என் மாதிரி ஒருத்தன் ஒரு சாண் கம்பியால் ஏமாற்றுவான் என்பதை மறக்காதே. அவனும் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே எழுது. அந்தப் பாடத்தை உனக்கு எந்தக் காலேஜிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அஞ்சலையின் விரலைக் கொடுத்து நான் சொல்லித் தந்தேன்.

இன்று காலை ஏழுமலைக்கு நானே போன் செய்தேன். முழுக்கச் சொல்லி முடித்தேன். பிறகு, "மில்லுல இருப்பியா?" என்று மட்டும் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இருப்பேன் என்றேன். போலீசுக்குப் போகும் ஆள் இல்லை அவன். ஆட்களோடு வருவான். உன் அம்மாவை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. இந்தக் கடிதம் மலரில் வரும்போது அந்த ஞாயிறு முடிந்திருக்கும். உன் கைக்குச் சனிக்கிழமையே வந்துவிடும், அதனால்தான் இதைச் சொல்கிறேன். நீ வராதே. வந்தால் நடுவில் விழுவாய், உன்னை எனக்குத் தெரியும். அன்றைக்கு உனக்கு வேறு வேலை இருக்கிறது. காலை எட்டு மணிக்கு நீயும் உட்கார்ந்து உன் கம்பெனிக்குச் சரி என்று எழுது. நான் ஷட்டரை முழுசாக ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன்.

உன் நைனா